செத்தவீட்டுப் படத்தில் நின்ற சங்கடப்படலை

யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கிற பழைய படத்தில் நான் ஆட்களைப் பார்ப்பதில்லை. ஆட்களுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். "இவர்தான் எங்கடை பெரியமாமா, எப்பிடி இருந்த மனிசன் பாருங்கோ" என்று வீட்டுக்காரர் காட்டுவார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு பெரியமாமாவின் தோளுக்கு மேலே தெரிகிற ஓட்டு முகப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது எந்த வீடு, இப்போது நிற்கிறதா, இடித்துவிட்டார்களா என்று மனம் போய்விடும். கேட்க வாய் வராது. நான் அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சம். ஒரே ஒரு தரம் கதைத்தேன். அதைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன்.

இந்தப் பழக்கம் எனக்குப் பதின்மூன்று வயதில் வந்தது.

எங்கள் வீடு சுன்னாகம் சந்தைக்குப் போகிற தெருவைப் பார்த்தபடி இருந்தது. எதிரில் தவறணை. கள்ளுக் குடிக்க வருகிறவர்கள், வண்டில்காரர், வெங்காயக் கட்டுத் தூக்குகிறவர்கள் என்று விடிந்தால் பொழுதுபடும்வரை அந்த இடத்தில் ஆண்கள் கூட்டம். அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் முன்படலையால் கால் வைப்பதில்லை. கலியாணவீடு, செத்தவீடு என்றால் கூடார வண்டில் கட்டி, முன்னும் பின்னும் சீலை இழுத்துவிட்டுத்தான் போவோம். மற்ற நாட்களில் எங்களுக்கு இருந்த வழி பின்பக்கத்து ஒழுங்கை ஒன்றுதான். அது எங்கள் வளவுக்கும் ஐயாவின் தமையனாரான பெரியையாவின் வளவுக்கும் நடுவால் போய் அம்மன் கோயிலடியில் ஏறும். கோயிலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. எங்கள் வளவுக் கிணறு சவர், குடிக்க உதவாது. காலையும் மாலையும் அம்மாவும் நானும் குடத்தோடு அந்த ஒழுங்கையால் போவோம். கிணற்றடியில் மற்ற வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். கதை, சிரிப்பு, சண்டை எல்லாம் அங்கேதான்.

ஐந்தாம் வகுப்பு முடிகிற நேரம் நான் பெரியபிள்ளையானேன். பள்ளிக்கூடம் நின்றது. அது எல்லாப் பெட்டைகளுக்கும் நடந்தது, நான் பெரிதாக அழவில்லை. ஒழுங்கை இருந்தது, கிணற்றடி இருந்தது.

அடுத்த வருடம் பெரியையா தன் மூத்த மகளுக்குக் கலியாணம் வைத்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் உடன்பிறந்தவர்களுக்கு வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வந்து, இருந்து, வெற்றிலை போட்டுச் சொல்ல வேண்டும். பெரியையாவுக்கு வேலைகள் கூட. ஐயாவைக் கோயிலடியில் கண்ட இடத்தில், "தம்பி, வாற கிழமை தாலிகட்டு, எல்லாரும் வந்திடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐயா வீட்டுக்கு வந்து சால்வையைக் கொடியில் போட்டார். "தெருவிலை கண்டு சொன்ன கலியாணத்துக்கு நாங்கள் போறேல்லை" என்றார். நாங்கள் போகவில்லை. மாப்பிள்ளை பகுதியார், "பொம்பிளையின்ரை சித்தப்பா எங்கை?" என்று கேட்டார்களாம். அந்த வெட்கம் பெரியையாவை விடவில்லை. கலியாணம் முடிந்த மற்றக் கிழமை ஆட்கள் வந்து ஒழுங்கையின் எங்கள் பக்கத்து வாயில் கிழுவைத் தடியில் கதியால் நட்டு, பின்னின தென்னோலைக் கிடுகு வரிந்து அடைத்தார்கள். அம்மா குடத்தோடு போய், வேலியைப் பார்த்துவிட்டு, வெறும் குடத்தோடு திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து தண்ணீரைக் கூலிக்கு நிற்கிற ஆள் தெருவால் கொண்டுவந்து ஊற்றினான். அம்மாவும் நானும் வளவுக்குள் நின்றோம். வடக்கே பெரியையாவின் வேலி, தெற்கே தெரு, மற்ற இரண்டு பக்கமும் பிறத்தியாரின் புகையிலைத் தோட்டம். கிணற்றடியில் பெண்கள் சிரிக்கிற சத்தம் காற்றுக்கு வரும். யார் சிரிக்கிறார்கள் என்று குரலை வைத்துப் பிடிப்பேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

ஐயா ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் முறைப்பாடு வைத்தார். விதானையார் எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"காணி உறுதியிலை ஒழுங்கை எண்டு எழுதியிருக்கோ?"

"இல்லை. அப்புன்ரை காலத்திலை முழுக்க ஒரு வளவுதானே. பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் பிரிச்சனாங்கள்."

"உங்கடை தமையன் சொல்லுறார், அது தன்ரை வளவுக்குள்ளை கிடந்த ஒற்றையடிப் பாதையாம். பொதுவழி இல்லையாம்."

"அங்கை சங்கடப்படலை நிண்டது. பொதுவழி இல்லாத இடத்திலை ஆரும் சங்கடப்படலை கட்டுவினமே?"

அது நியாயமான கேள்வி. சங்கடப்படலை என்றால் வேலி வாசலுக்குப் போடுகிற வெறும் படலை இல்லை. மேலே சின்னக் கூரை இருக்கும், இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கக் கல்லால் குந்து கட்டியிருக்கும். போகிற வருகிற சனம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கட்டும் என்று கட்டுவது. சனம் போகாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஐயா அப்பு என்று சொன்ன அவர் தகப்பனார், எங்கள் அப்பப்பா காலத்தில், தெரு இல்லை. ஒழுங்கைப் பக்கம்தான் வீட்டின் முன்பக்கம். சங்கடப்படலை அந்த முன்முற்றத்தில் நின்றது. தெரு போட்ட பிறகு பழைய வீட்டைப் பிரித்துத் தெருவைப் பார்க்கப் புது வீடு கட்டினார்கள். முன்பக்கம் பின்பக்கமாயிற்று. நான் சின்னப்பிள்ளையாக இருந்த ஒரு மார்கழி மழையில் படலைக் கூரை விழுந்தது. மிச்சக் கல்லைப் பெரியையா ஏற்றிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டிலுக்குப் போட்டார். அந்தக் குந்தில் இருந்ததும், தொடையில் கல் குளிர்ந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

"நிண்டது எண்டுறியள். அவர் நிக்கேல்லை எண்டுறார். ஊரிலை கேட்டால், கண்டமாதிரியும் கிடக்கு காணாதமாதிரியும் கிடக்கு எண்டுறாங்கள்" என்றார் விதானையார். பெரியையா கோயில் மணியகாரர். அவருக்கு எதிராக யார் வாய் திறப்பார்கள்? "எழுத்து இல்லை, கல்லும் இல்லை. ஒரு படமாவது வைச்சிருக்கிறியளே?" என்று பகிடியாகக் கேட்டுவிட்டு அவர் எழும்பினார்.

ஐயா அதோடு விட்டுவிட்டார். தமையனோடு வழக்காடக் கோட்டுக்குப் போக அவருக்கு மனம் இல்லை. அவருக்கென்ன, தெருவால் போய் வருகிறவர். அவருக்கு ஒழுங்கை மானப் பிரச்சினை. எங்களுக்கு அது மூச்சு.

விதானையார் பகிடியாகச் சொன்ன சொல் எனக்குள் நின்றது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெட்டகத்தைத் திறந்து தன் கலியாணப் படத்தை எடுத்தார். அது அந்தப் பழைய வீட்டு முற்றத்தில் பிடித்த படம். இரண்டு பேரும் சன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஐயா தலைப்பாகையோடு இருக்கிறார், அம்மா கூறையோடு நிற்கிறார். பின்னால் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரையில் உருண்டைத் தூண் வைத்த மாளிகை. வானத்தில் இரண்டு அன்னப்பறவை.

"என்னடியம்மா இது, எங்கடை முத்தத்திலை அன்னம் நிண்டதே?" என்றார் அம்மா.

படம் பிடிக்கிறவர் பட்டணத்திலிருந்து ஏரியும் மாளிகையும் கீறின சீலை ஒன்று சுருட்டிக்கொண்டு வருவாராம். நல்ல காரியத்துக்கு எல்லாம் அதைக் கட்டித்தான் பிடிப்பாராம். கிடுகு வேலியும் மாட்டுச் சாணியும் படத்தில் விழுந்தால் வடிவில்லையாம். அம்மாவே அன்று, "சீலையை வடிவா இழுத்துக் கட்டுங்கோ" என்று சொல்லுவித்தாராம். "நான்தான் மறைச்சனான்" என்று சொல்லிப் படத்தைப் பெட்டகத்துக்குள் வைத்தார்.

எனக்கு அது விடவில்லை. எங்கள் வீட்டுக்கு உடுப்பு வெளுக்கிற குடும்பத்து அம்மா ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். வெளுத்ததைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் வைத்து, ஊத்தைத் துணியை எண்ணிக் கட்டிக்கொண்டு போவார். அவருக்கு ஊரில் போகாத வளவு இல்லை. ஆனால் ஒரு வீட்டிலும் கோடிக்கு மேலே வரவிடமாட்டார்கள். நானும் அந்தக் கோடியில் நின்றுதான் அவரோடு கதைப்பேன். ஒரு வெள்ளி, "எங்கடை ஒழுங்கையடியிலை பிடிச்ச படம் ஆரின்ரையாவது வீட்டிலை கிடக்குமோ?" என்று கேட்டேன்.

அவர் துணியை எண்ணிக்கொண்டே, "படம் வேணுமெண்டால் செத்தவீட்டுப் படமாய்ப் பாருங்கோ பிள்ளை. அதுக்குச் சீலை கட்டிறேல்லை" என்றார்.

"ஏன் கட்டிறேல்லை?"

"செத்தவீட்டிலை வடிவு ஆர் பாக்கிறது? என்ரை மனிசன் பந்தலுக்கு வெள்ளைத்துணி கட்டுவார், அவ்வளவுதான். படக்காரன் வருவான், சவத்தை முத்தத்திலை வைப்பினம், எல்லாரும் பின்னாலை நிப்பினம், பிடிச்சுக்கொண்டு ஓடிவிடுவான். வீடு, வேலி, மாடு எல்லாம் விழும்."

அவர் சொன்னது உண்மை. ஊரில் செத்தவீட்டுக்குப் படம் பிடிக்கிறது மலாயாவிலும் கொழும்பிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பத்தான். வந்து முகம் பார்க்க முடியாதவர்களுக்கு. மிச்சப் பிரதியை வீட்டார் யார் கண்ணிலும் படாமல் பெட்டகத்தின் அடியில் வைப்பார்கள். சுவரில் மாட்டமாட்டார்கள். எந்த வீட்டில் எந்தச் செத்தவீட்டுக்குப் படம் பிடித்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், அவர் புருசன் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை கட்டியவர். அவர் என்ன சொல்லி வாங்கினாரோ தெரியாது, வெளுத்த வேட்டி மடிப்புக்குள் வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவரத் தொடங்கினார். அடுத்த வெள்ளி திருப்பிக் கொண்டுபோவார்.

அடுக்களைக்குப் பின்னால் இருந்து பார்ப்பேன். முதலில் பயம். நடுவில் சவம் கிடக்கும், சுற்றி அழுத முகங்கள். பிறகு கண் பழகியது. ஆட்களை விட்டு ஓரங்களைப் பார்க்கப் பழகினேன். ஒரு படத்தில் பந்தலுக்கு மேலே இரண்டு தட்டு வீடு, மேல்தட்டில் மரப்பலகை அடித்த சன்னல். "உது சந்திக்குப் பக்கத்திலை இருந்த வீடு. மேல்தட்டைப் பிரிச்சுப்போட்டினம், கீழ் இருக்கு, அதுக்குள்ளை புகையிலை போட்டு வைச்சிருக்கினம்" என்றார் அந்த அம்மா. இன்னொன்றில் பறங்கி காலத்துச் சுவர் ஒன்று, வளைவு வாசலோடு. அது முழுக்கப் போய்விட்டதாம், அந்தக் கல்லில்தான் மதகு கட்டினார்களாம். மற்றொன்றில் கோயிலடி மடமும் அதன் முன்னால் சுமைதாங்கிக் கல்லும். மடம் நிற்கிறது, கல்லை வண்டில் இடித்து விழுத்திவிட்டது.

எனக்கு ஊர் தெரியாது. பள்ளிக்கூடப் பாதையும் கோயில் பாதையும்தான் தெரியும். அதனால் அடுக்களை நிலத்தில் கரியால் தெருக் கீறி, நிற்கிற கட்டடத்துக்குப் புளியங்கொட்டையும் போனதுக்கு மஞ்சாடி விதையும் வைத்தேன். வெள்ளிக்கு வெள்ளி சிவப்பு மஞ்சாடி கூடிக்கொண்டு வந்தது. வெளியில் கால் வைக்காமல் ஊருக்குள் நடந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கொட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அடுக்களைச் சுவர்தான்.

அம்மா ஒருநாள் பிடித்துவிட்டார். நான் கையில் வைத்திருந்தது யாரோ ஒரு உடையாரின் செத்தவீடு.

"எடி, கலியாணம் செய்யாத பெட்டை செத்தவீட்டுப் படத்தைத் தொடுறியே! துடக்கெல்லே! எழும்பு, போய் முழுகு!"

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம். படத்தைப் பார்த்தாலும் அப்படித்தானா என்று அம்மாவுக்கும் நிச்சயமாகத் தெரியாது, யாரையும் கேட்கவும் முடியாது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா கிணற்றுத் துலாவடியில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "ஒழுங்கை தெரிஞ்சுதே?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. இன்னும் இல்லை."

"பாக்கிறதெண்டால் பார். பாத்துப்போட்டு முழுகு."

அதன் பிறகு இரண்டு பேருமாகப் பார்த்தோம், இரண்டு பேருமாக முழுகினோம். "என்ன, தாயும் மகளும் வெள்ளிக்கு வெள்ளி தலையிலை தண்ணி? தண்ணியை அள்ளி முடிக்கப்போறியளே" என்று ஐயா கேட்டார். "வெக்கை" என்றார் அம்மா. அப்போது தை மாதப் பனி.

ஏழெட்டுப் படம் பார்த்தும் எங்கள் ஒழுங்கை ஒன்றிலும் இல்லை. பிறகு ஒருநாள் ஈரத்தலையோடு இருந்தபோது அம்மா திடுக்கிட்டவர்போலச் சொன்னார்: "மாமா செத்ததுக்குப் படம் பிடிச்சதெல்லே!" மாமா என்றது தன் மாமனாரை, அப்பப்பாவை. "முத்தத்திலைதான் வைச்சவை. மலாயாவிலை இருக்கிற உன்ரை மாமிக்கு அனுப்ப எண்டு பிடிச்சது."

இரண்டு பிரதி எடுத்தார்களாம். ஒன்று பெரியையாவிடம் இருந்தது. அப்பப்பா உயிரோடு படம் பிடிக்க ஒருநாளும் இருந்ததில்லை, பிடித்தால் ஆயுள் குறையும் என்பார். அதனால் பெரியையா அந்தச் செத்தவீட்டுப் படத்தில் முகத்தை மட்டும் வெட்டுவித்து, கண் திறந்தமாதிரிக் கீறுவித்து, பெருப்பித்துச் சுவாமியறைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வெட்டின மிச்சம் எங்கே போனதோ. மற்றது மாமியிடம். ஐயாவின் தங்கை, புருசன் மலாயாவில் ரயில்வேயில் வேலை.

ஐயா கேட்கமாட்டார். அண்ணன் தம்பி சண்டையைக் கடல் கடந்த தங்கைக்குச் சொல்வது அவருக்கு மானக்கேடு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினேன். பழைய கொப்பியில் தாள் கிழித்து, நாலுதரம் எழுதிப் பார்த்து எழுதினேன். நாங்கள் சுகம், நீங்கள் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். அப்பப்பாவின் செத்தவீட்டுப் படம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். பின்னால் சங்கடப்படலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரியையா ஒழுங்கையை அடைத்துவிட்டார், அம்மாவும் நானும் ஒரு இடமும் போக வழியில்லை. ஐயாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. இவ்வளவுதான். உடுப்பு வெளுக்கிற அந்த அம்மா வேட்டி மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

மூன்று மாதமோ நாலு மாதமோ ஒன்றும் வரவில்லை. நான் அந்த மாதங்களில் கரித் தெருவைக் கூட அழித்துவிட்டேன். என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. வெங்காயம் வகிர்ந்தேன், பனங்களியைக் காயவிட்டுப் பினாட்டுத் தட்டினேன், வேலி ஓட்டையால் பெரியையா வீட்டு மாடு அசைபோடுவதைப் பார்த்தேன்.

தபால்காரன் கடித உறையை ஐயாவின் கையில் கொடுத்துவிட்டான். மலாயா முத்திரை, என் பெயர். ஐயா விறாந்தையில் நின்றபடியே உடைத்தார். நான் உள்ளே சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தாள் விரிகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆர் எழுதினது?" என்றார்.

"நான்."

"இங்கை வா."

போனேன். அடிப்பார் என்று நினைத்தேன். படத்தை நீட்டினார். "பார்" என்றார்.

நடுவில் அப்பப்பா. பாதம் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தலைமாட்டில் ஐயாவும் பெரியையாவும், இரண்டு பேருக்கும் மீசை கறுப்பு. அவர்களுக்குப் பின்னால், தெளிவாக, சங்கடப்படலை. ஓலைக் கூரை, இரண்டு பக்கமும் குந்து, குந்தில் மூன்று கிழவர்கள். கதவின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அதற்குள்ளால் வெள்ளை மணலோடு ஒழுங்கை நீளத்துக்கு ஓடி, கடைசியில் மடத்தின் தூண் ஒன்று. ஒழுங்கையின் நடுவில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றார்.

மாமி எழுதியிருந்தார்: "இத்தனை வருடம் இந்தப் படத்தை வைத்து அழுதிருக்கிறேன், படலையைக் கண்டதில்லை. நீ சொன்ன பிறகுதான் கண்டேன். காரியம் முடிந்ததும் உடனே திருப்பி அனுப்பு. அப்புவின் முகம் எனக்கு இது ஒன்றுதான்."

அடுத்த நாள் பின்னேரம் விதானையார் வந்தார். பெரியையாவையும் அழைப்பித்திருந்தார். அவர் வந்து வாங்கில் இருக்காமல் தூணோடு நின்றார். இரண்டு வருடமாக எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். நானும் அம்மாவும் கதவுக்குப் பின்னால்.

விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "மணியகாரர், உது சங்கடப்படலை இல்லாட்டில் பிறகென்ன, கோயில் கோபுரமே?"

விதானையார் படத்தைப் பெரியையா பக்கம் நீட்டினார்.

"குடத்தோடை நிக்கிறது ஆர்?"

பெரியையா குனிந்து பார்த்தார். "அது... என்ரை மனிசி. வந்த சனத்துக்குக் குடிக்கத் தண்ணி கொண்டு வாறா."

"ஒழுங்கை இல்லாத இடத்தாலை எப்பிடி வந்தவ? பறந்து வந்தவவோ?"

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். சிரிப்பை அடக்கத்தான். பெரியையாவோ படத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார், சுவாமிக்கு முன்னால் செய்கிறமாதிரி.

"தம்பி," என்றார் ஐயாவைப் பார்த்து. "வேலியை எடுக்கிறன். நாளைக்கே எடுக்கிறன். இந்தப் படத்தை மட்டும் எனக்குத் தா. அந்தப் படக்காரன் முகத்தை வெட்டிப்போட்டு மிச்சத்தை எறிஞ்சுபோட்டான். அப்புன்ரை கையை நான் இப்பதான் பாக்கிறன்."

ஐயாவின் முகம் இளகியது. எனக்குக் கதவு இடுக்கால் தெரிந்தது. கொடுக்கப்போகிறார் என்று தெரிந்தது. என் வாயிலிருந்து வந்த குரலை நான் வேறு யாருடையதோ என்று நினைத்தேன்.

"ஐயா, குடுக்காதேங்கோ. அது மாமின்ரை. குடுத்தால் நாளைக்கு எங்களிட்டை அத்தாட்சி இல்லை."

மூன்று பேரும் கதவுப்பக்கம் திரும்பினார்கள். பிறகு விதானையார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, உள்ளுக்கை ஒரு அப்புக்காத்து எல்லே இருக்குது! இதுக்கு ஒரு கறுப்புக் கோட்டு தைச்சுக் குடுங்கோ!"

அப்புக்காத்து என்றால் வழக்காடுகிற வக்கீல். பெரியையாவும் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. கலியாணம் பேச வேண்டிய பெட்டை, ஆண்கள் இருக்கிற இடத்தில், பெரியவருக்கு எதிராக வாய் திறந்துவிட்டது. "பெட்டைக் கதை. நீ கொண்டு போ அண்ணை" என்றார். அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனார். "மாமிக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டேன். அம்மா குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினார்.

பெரியையா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் கதியாலைப் பிடுங்கினார்கள். ஒழுங்கை அகலமாகக் கிடந்தது, எதிரெதிரே குடத்தோடு இரண்டு பேர் வந்தாலும் முட்டாது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். மணல் காலில் சுட்டது. கோயிலடி மடத்தைக் கண்டதும் நின்றேன். முன்னர் எத்தனையோ தரம் பார்த்த மடம்தான், ஆனால் படத்துக்குப் பிறகு வேறுவிதமாகத் தெரிந்தது. தூண்களை எண்ணினேன். முன்னம் பார்த்த கோயிலடிப் படத்தில் இருந்ததைவிட ஒன்று குறைவு. கிணற்றடியில் பெண்கள், "அப்புக்காத்து வாறா, வழி விடுங்கோ" என்றார்கள். அந்தப் பெயர் ஊர் முழுக்கப் போயிருந்தது. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது, தண்ணீரை அரைக்குடத்தோடு அள்ளிக்கொண்டு வந்தேன். என்றாலும் அடுத்த நாளும் போனேன்.

மாமிக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத ஒரு வசனம் கிடைக்கவில்லை. அவர் இரண்டு கடிதம் போட்டுக் கேட்டார். பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான் என்று சொன்னார்கள், கடிதமே வரவில்லை.

அதற்கு முன்னாலேயே ஒழுங்கையில் மாற்றம் தொடங்கிவிட்டது. வேலி என்றால் வருடத்துக்கு ஒருதரம் அடைக்க வேண்டும். பழைய கிடுகு உக்கிப்போகும், அவிழ்த்துப் புதிது வரிவார்கள். பெரியையா ஆட்களைவிட்டுத் தன் பக்கத்தை அடைக்கும்போது உக்கின கதியாலைப் பிடுங்கிப் புதுக் கதியாலை முந்தினதற்கு ஒரு சாண் வெளியே, ஒழுங்கைக்குள், நட்டார்கள். கிழுவை சீக்கிரம் வேர்விடும். அடுத்த வருடம் அது பழைய எல்லையாகிவிடும், அதிலிருந்து இன்னொரு சாண். யாரும் ஒழுங்கையை அடைக்கவில்லை. கேட்டால், "கதியால் பருத்துப்போச்சு" என்றார்கள். எங்கள் பக்கத்து வேலியை உள்ளே எடுத்தால் என்ன என்று அம்மா கேட்டார். ஐயா, "என்ரை காணியை நான் ஏன் விடவேணும்?" என்று அவரும் அசையவில்லை. இரண்டு பேரின் மானத்துக்கும் நடுவில்தான் அந்த மணல் பாதை.

மூன்றாம் வருடம் அம்மா விதானையாருக்குச் சொல்லியனுப்பினார். "அந்தப் படத்தைக் கொண்டுவாங்கோ, அளந்து பாப்பம்" என்று அவர் திருப்பிச் சொல்லியனுப்பினார். ஐயாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை ஒருதரம் சொல்லியாயிற்று. அவரும் என் முகத்தைப் பார்க்காமல் தெருப்பக்கம் எழும்பிப் போனார்.

ஐந்தாம் வருடம் நான் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனேன். இரண்டு பக்கத்துக் கிடுகும் தோளை உரசும், தாவணியில் செத்தல் ஓலை குத்தும். எதிரே யாரும் வந்தால் ஒருவர் முழுக்கத் திரும்பிப் போக வேண்டும். கிணற்றடிப் பெண்கள் அந்தப் பக்கத்திலிருந்து, "அப்புக்காத்து, ஒழுங்கை ஒடுங்கிச்சோ, நீ கொழுத்தியோ?" என்று கேட்பார்கள். நான் கொழுக்கவில்லை.

அம்மா கொழுத்திருந்தார். அந்த வருடம் வேலி அடைத்து முடிந்த அடுத்த நாள் காலையில், நான் சொல்லக் கேளாமல், "ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். நான் ஒழுங்கை வாசலில் நின்று பார்த்தேன். பாதிவரை போனார். பிறகு நின்றார். முன்னுக்கும் போகவில்லை, திரும்பவும் இல்லை. திரும்ப இடம் இல்லை. கிடுகு இரண்டு பக்கமும் சரசரவென்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, முகத்தைக் கோயில் பக்கமே வைத்துக்கொண்டு, காலால் தடவித் தடவிப் பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வந்தார். நான் கையை நீட்டி அவர் முதுகைத் தொட்டு வழி சொன்னேன்.

வெளியே வந்ததும் மூச்சு வாங்கியது. சீலையில் ஒட்டியிருந்த ஓலைத் துரும்புகளைத் தட்டினார்.

"இந்தா, குடத்தைப் பிடி" என்றார். "அந்தக் கூலியாளை வரச்சொல்லு, தெருவாலை கொண்டுவரட்டும்."